செக்ரட்டரி எடுத்த நட்சத்திரங்கள்

ஒரு கேமராவுக்கு வந்த நோயை எட்டு மாதம் குங்குமம் வைத்துக் கும்பிட்டவன் நான். பங்குனியில் தொடங்கிக் கார்த்திகை வரைக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஊதுபத்தியும் உண்டு. ராகு காலத்தைக் கிண்டல் செய்து ஆபீஸ் ஆண்டுமலரில் கட்டுரை எழுதியவன், வானியல் புத்தகம் இரண்டு வாங்கி வைத்திருந்தவன் (வாங்கி வைத்திருந்தேன் என்றுதான் சொல்கிறேன்), தினமும் குளித்துவிட்டு வந்து, பாசிப்பயறு அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் புள்ளி இருந்த கறுப்புப் படத்தின் முன்னால் கண்ணை மூடி நின்றேன். அது ரோகிணி என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ரோகிணி என் மனைவியின் ஜன்ம நட்சத்திரம். கணவன்மார் பலர் வேறு வழியில்லாமல் செய்வதை நான் நட்சத்திர அளவில் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்படிச் சொன்னவர் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செக்ரட்டரி. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால், ஏன் போட்டது தப்பு என்பதற்கு அவரிடம் மூன்று காரணம் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மூன்று காரணம். அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. லாரித் தண்ணீர் ஏன் வரவில்லை, செங்கல்பட்டு வண்டி ஏன் பெருங்களத்தூரில் நின்றுவிட்டது, ஏரியில் ஏன் இந்த வருஷம் ஆகாயத்தாமரை அதிகம், என் முட்டி ஏன் வலிக்கிறது, எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு, "அதுக்கு மூணு காரணம் சார்" என்று ஆரம்பிப்பார். முதல் காரணம் பேப்பரில் வந்ததாக இருக்கும். இரண்டாவது, முதல் காரணத்தையே திருப்பிப் போட்டதாக இருக்கும். மூன்றாவது விரலை நிமிர்த்தும்போது முகத்தில் ஒரு கணம் வெறுமை தெரியும். எனக்கு அந்தக் கணத்தில் கொஞ்சம் நம்பிக்கை பிறக்கும், இந்தத் தடவை மாட்டிக்கொண்டார் என்று. விரல் முழுதாக நிமிர்வதற்குள் காரணம் வந்து சேர்ந்துவிடும்.

அந்த மனிதர் வாயால் "தெரியாது" என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒரு தம்பதி எங்கள் கேட்டில் நின்று ஏதோ ஒரு தெருவுக்கு வழி கேட்டார்கள். அப்படி ஒரு தெரு எங்கள் பீர்க்கன்கரணையில் கிடையாது. அவர்கள் தேடியது ஊரப்பாக்கத்தில் இருந்தது. அவர் ஒரு வினாடி கூட யோசிக்காமல் கையை நீட்டி, ஏரிக்கரை, டிரான்ஸ்பார்மர், ரேஷன் கடை, இடதுகைப் பக்கம் என்று அனுப்பி வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து, வெயிலில் ஏரியைச் சுற்றிவிட்டு, மஞ்சள் பை நனைய வியர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். அவர்களால் ஏன் அந்தத் தெருவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு மூன்று காரணம் சொன்னார். அந்த அம்மாள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து "ரொம்ப நன்றிங்க" என்றார். அந்த நன்றி எனக்கு இன்னும் எங்கேயோ குத்திக்கொண்டிருக்கிறது.

எட்டு வீடுகள் கொண்ட கட்டடம் எங்களுடையது. தலைவர் என்று ஒருவர் காகிதத்தில் இருந்தார், துபாயில் இருந்தார். மற்றவர்கள் உறுப்பினர்கள், அதாவது கேட்டுக்கொள்கிறவர்கள். மோட்டார் ரூம் சாவி செக்ரட்டரியின் கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கும். ஏதோ கருத்தரங்கில் கொடுத்த நீல நாடா அது. எழுத்துகள் பாதி அழிந்துபோயிருந்ததால் எதைப் பற்றிய கருத்தரங்கு என்று தெரியாது. கேட்டால் சொல்வார், ஒவ்வொரு தடவையும் வேறு சொல்வார். ஆழ்துளைக் கிணறு கோடையில் கால் மணி நேரம்தான் இறைக்கும். அந்தக் கால் மணி நேரம் எப்போது என்பது அவர் விருப்பம். ஆகவே அவர் பேசும்போது எட்டு வீடும் தலையாட்டின. நான் மட்டும் தண்ணீருக்காக ஆட்டவில்லை. யாராவது உறுதியான குரலில் பேசினால் என் தலை தானாகவே ஆடும். படித்தவர்களுக்கு வரும் நோய் இது, படிக்காதவர்களுக்கு வராது.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் அவருடைய மச்சினர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்தார். வெள்ளி நிறம், சோப்புப் பெட்டி அளவு, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். சட்டைப் பையில்தான் போட்டுக்கொண்டார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வெயில் காலம் பூராவும் வைக்கவும் செய்தார், "சூடு ஏறினாத்தான் லென்ஸ் நல்லா திறக்கும்" என்று. கல்யாணம், பிறந்தநாள் என்று சாதாரண ஜனங்கள் எடுக்கிற படம் அவருக்குப் போதவில்லை. வானத்தை எடுக்கிறேன் என்று கிளம்பினார். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. அடுத்த மாதமே நானும் ஒன்று வாங்கினேன்.

சாயங்காலம் ஏழரை மணிக்கு இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்து நிற்பதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மேற்கே ஜி.எஸ்.டி. ரோட்டு சோடியம் விளக்குகளின் மஞ்சள் வானத்தில் பாதி வரை ஏறியிருக்கும். வடக்கே தாம்பரத்து வெளிச்சம். நடுவில் மிச்சமிருந்த கைக்குட்டை அளவு இருட்டில் நாலைந்து நட்சத்திரம் தயங்கித் தயங்கி நிற்கும். அவற்றை நோக்கி அவர் பிளாஷ் அடித்தார்.

நட்சத்திரத்துக்கு பிளாஷ். எனக்குச் சந்தேகம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். நானும் பிளாஷ் அடித்தேன். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. பறந்த தூசியெல்லாம் பிளாஷில் பட்டு, படத்தில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் வந்தன. அவர் அவற்றை விண்மீன் மண்டலங்கள் என்றார். ஒரு வாரம் கழித்துத்தான், கேமராவோடு வந்த கையேட்டில் பிளாஷை அணைக்க ஒரு பொத்தான் இருப்பதையும், லென்ஸைப் பதினைந்து வினாடி திறந்து வைக்க ஒரு வழி இருப்பதையும் நான் படித்தேன். அவரிடம் சொன்னேன். "அதைத்தான் நான் அடுத்து சொல்ல வந்தேன்" என்றார்.

பதினைந்து வினாடிக்குக் கேமரா ஆடக்கூடாது. முக்காலி இல்லாத எங்களுக்குத் துவரம் பருப்பு கைகொடுத்தது. துணிப்பையில் ஒரு கிலோ பருப்பைப் போட்டு, கைப்பிடிச் சுவர் மேல் வைத்து, அதில் கேமராவை அழுத்திப் புதைத்து, வானத்தைப் பார்க்கச் செய்தோம். என் வீட்டில் இரண்டு நாள் சாம்பாருக்குப் பதில் மோர்க்குழம்பு வந்தது. மூன்றாம் நாள் மனைவி மாடிக்கே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கேமராவை ஓரமாக வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

படங்களைச் சொல்லவேண்டும். என் கேமராவில் வானம் கறுப்பாக வந்தது. முதல் நாளும் கறுப்பு, பத்தாம் நாளும் கறுப்பு. நட்சத்திரம் என்று சொல்லத் தக்கது, பூதக்கண்ணாடி வைத்தால், தூசி போல இரண்டு. அவர் கேமராவிலோ சிவப்பு, நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கூர்மையாக முப்பது நாற்பது புள்ளிகள். எப்போது எடுத்தாலும். எந்தத் திசையில் எடுத்தாலும். ஒருநாள் வானம் முழுக்க மேகம், அன்றும். நான் அதைத் திறமை என்று நினைத்தேன். என்னிடம் இருந்தது நேர்மையான கேமரா என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அதை மூன்று முறை கடைக்கு எடுத்துப்போய், ஏதாவது கோளாறா என்று பார்க்கச் சொன்னேன்.

புள்ளிகளுக்குப் பெயர் வைப்பது அடுத்த கட்டம். மேல்நாட்டுக்காரன் வைத்த பெயரெல்லாம் நமக்கு எதற்கு என்று சொல்லி, அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழையும் அந்தப் படங்களிலிருந்தே வெட்டி எடுத்தார். சிவப்பாக ஒன்று இருந்தால் திருவாதிரை. வெள்ளையாக இருந்தால் சுவாதி. ஆரஞ்சு, எங்கள் வீட்டுக்கு ரோகிணியாக வந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் ஜன்ம நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் படமாகக் கொடுப்பது என்று திட்டம். நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிறோம், அந்த நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று பார்த்தவன் யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று எட்டு வீடும் ஒப்புக்கொண்டது. மோட்டார் ரூம் சாவி வைத்திருப்பவரின் கேள்விகள் பொதுவாக நியாயமாகவே இருக்கும்.

என் பங்கு அங்கேதான் வருகிறது. ஒவ்வொரு படத்தின் கீழேயும் இரண்டு வரி எழுதித் தரச் சொன்னார். "உங்களுக்குத்தான் சார் தமிழ் வரும்." இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எவ்வளவு கீழே வேண்டுமானாலும் இறங்குவேன் என்பதை அவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து எழுதினேன். அடித்து அடித்து எழுதினேன். ஆயில்யத்துக்குப் பாம்பு வடிவம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்ததால், "அரவின் கண். அயராது நோக்கும்" என்று எழுதி, மோனை அழகாக விழுந்த சந்தோஷத்தில் இரண்டு நாள் என்னை நானே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

படங்களைப் பிரிண்ட் போட்டது மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு லேப். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து தள்ளினார்.

"இன்னா சார், எல்லாப் படத்துலயும் அதே எடத்துல அதே புள்ளி கீது. கேமராவுக்கு வேர்க்குரு வந்துகிச்சா? வெயில்ல வச்சிகினு இருந்தியா?"

அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நட்சத்திரம், நிலைத்து நிற்பது என்று ஏதோ பதில் சொன்னேன். இன்று மரியாதையாக அவர் என்று எழுதுகிறேன்; அன்று என் மனதுக்குள் அவன்தான். "சரி சார், வேர்க்குருவுக்கே பிரேம் போட்டு மாட்டிக்கோ" என்று சொல்லிப் படங்களைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் முதல் மாடியில் டீச்சர் இருந்தார்.

டீச்சர் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். கணவர் போய்ப் பல வருஷம். ஒரே பெண், உமா, சிறுசேரியில் மென்பொருள் கம்பெனியில் வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் தலை தெரியும். வயது இருபத்தொன்பது முடிந்திருந்தது. நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, அந்தப் பேச்சு ஆறு வருஷமாக டீச்சர் வீட்டு வாசல் வரை வந்து வந்து மாப்பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப் போய்க்கொண்டிருந்தது. ஜாதகத்தைக் கொடுத்தால் மறுநாள் போன் வரும். சில பேருக்கு அந்தப் போனும் வராது.

கடைசியில் குரோம்பேட்டையிலிருந்து ஓர் இடம் அமைந்தது. பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், போனில் பேசவும் தொடங்கிவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு மனதில் உறுத்தல் இருந்தது. நல்ல வேளையாக ஜோசியர் ஒருவர், பெண் ஆயில்யம் முதல் பாதம், முதல் பாதத்துக்குத் தோஷம் இல்லை என்று சொல்லி அவரைத் தேற்றி அனுப்பியிருந்தார். நிச்சயத்துக்குத் தேதி பார்க்க அவர்கள் வருவதாக ஏற்பாடு. வீட்டில் ஆண்பிள்ளை யாராவது இருக்கவேண்டுமென்று டீச்சர் என்னைக் கூப்பிட்டார். செக்ரட்டரியை யாரும் கூப்பிடவில்லை. சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே வந்து நின்றார்.

"வர்றவங்களுக்கு ஒரு இம்ப்ரஷன் வேணாமா டீச்சர்?" என்று சொல்லி, ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரே, ஆயில்யத்தை மாட்டினார்.

டீச்சர் அதைப் பார்த்தார். விருந்தாளிகள் வரும் நேரத்தில் குழாயில் தண்ணீர் வரவேண்டுமே என்றும் யோசித்தார் என்று நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. நான் என் வரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

குரோம்பேட்டை அம்மா உட்கார்ந்தார். நிமிர்ந்தார். எதிரே கறுப்புச் சட்டத்துக்குள், கன்னங்கரேல் என்ற வெளியில், ரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாப் புள்ளிகளிலும் சிவப்பானதைத் தேடி ஆயில்யத்துக்கு ஒதுக்கியிருந்தார் அந்த மகானுபாவர்.

"அரவுன்னா பாம்புதானேங்க?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். செக்ரட்டரி எழுந்து படத்தின் பக்கத்தில் போய் நின்று, ஆயில்யம் ஏன் சிவப்பாக இருக்கிறது என்பதற்கு மூன்று காரணம் சொன்னார். மூன்றாவது காரணம், அது உக்கிரமான நட்சத்திரம் என்பது. கேசரி அப்படியே தட்டில் இருந்தது. மறுநாள் போன் வந்தது. கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்றார்களாம். தள்ளிப் போடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் என் கம்ப்யூட்டரில் செக்ரட்டரியின் படங்களை எல்லாம் வரிசையாகத் திறந்தேன். லேப்காரர் செய்த மாதிரியே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி ஒரு படத்தில் இடது பக்கம் இருந்தது, ஒரு படத்தில் வலது பக்கம், ஒன்றில் இல்லவே இல்லை. புள்ளிகள் மட்டும் ஓர் அங்குலம் கூட அசையவில்லை. ஏழு மாத இடைவெளியில் எடுத்த ரோகிணிப் படத்திலும் ஆயில்யப் படத்திலும் அதே சிவப்பு, அதே ஆரஞ்சு, அதே மூலையில். வாங்கி வைத்திருந்த இரண்டு புத்தகங்களில் ஒன்றை முதல் தடவையாகப் பிரித்தேன். அவர் ஆயில்யப் படம் எடுத்த ஐப்பசி மாதம், சாயங்காலம் எட்டு மணிக்கு ஆயில்யம் வானத்திலேயே கிடையாது. நடுராத்திரி தாண்டித்தான் உதிக்கும். உதித்தாலும் எங்கள் ஊர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலானது. உக்கிரமாம்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"சார், இது கேமரா கோளாறு. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு நிச்சயமாத் தெரியலை, தப்பா மாட்டிட்டேன்னு சொன்னாப் போதும்."

"புள்ளி நகராததுக்கு மூணு காரணம் இருக்கு சார்."

"ஒரு பொண்ணு கல்யாணம் நிக்குது சார்."

கண்ணாடியை மேலே தள்ளினார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லலாம். தெரிஞ்சதை எப்படி சார் தெரியாதுன்னு சொல்றது?"

இதை அவர் வீம்புக்குச் சொன்னதாக நான் நினைத்திருந்தால் கோபம் வந்திருக்கும். உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னார். என்னைப் பொய் சொல்லச் சொல்கிறீர்களே என்ற வருத்தம். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவர்மேல் முழுமையான அருவருப்பு வந்தது. பொய்யனிடம் கூட ஓர் ஓரத்தில் உண்மை தெரிந்திருக்கும். இவரிடம் அந்த ஓரமும் இல்லை.

நானே குரோம்பேட்டைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ ரயில். போகவில்லை. போகாததற்கு எனக்கும் காரணங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், மூன்று.

போன் செய்தவள் உமா. அந்தப் பையனிடம், உங்க அம்மாவை ஒரே ஒரு தடவை, பத்து நிமிஷம் அழைத்து வாருங்கள், அதற்கப்புறம் நான் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்தப் பையன் வேண்டும் என்பது அந்தப் போனிலேயே தெரிந்துவிட்டது என்று டீச்சர் பிறகு சொன்னார். அடுத்த ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். படத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தாள் உமா. என்னையும் வரச் சொல்லியிருந்தாள். செக்ரட்டரியை அவளே போய்க் கேமராவோடு அழைத்து வந்திருந்தாள். இன்னொரு படம் எடுக்கணும் அங்கிள் என்று சொன்னாளாம். பெருமிதத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், ஆயில்யம் எடுக்கறப்ப எப்படி வெச்சீங்களோ அப்படியே செட் பண்ணிக் குடுங்க."

பண்ணிக் கொடுத்தார். பதினைந்து வினாடி. உமா கேமராவை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். எல்லோரும் பின்னாலேயே போனோம். எவர்சில்வர் அரிசி டிரம்மைத் திறந்து, அரிசிமேல் கேமராவை மல்லாக்க வைத்து, பொத்தானை அழுத்தி, மூடியை மூடி, மூடிமேல் ஒரு துண்டையும் போர்த்தினாள். ஆறு பேர் ஓர் அரிசி டிரம்மைச் சுற்றி நின்றோம். சாவு வீட்டில் கூட அவ்வளவு அமைதியாக நின்றதில்லை. மாப்பிள்ளைப் பையன் அன்று பேசிய ஒரே வாக்கியம், "ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

உமா கேமராவை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, திரையை அந்த அம்மாவிடம் காட்டினாள். கறுப்பு. அதில் சிவப்பு, நீலம், பச்சை. மேஜை மேலிருந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள்.

"ஆன்ட்டி, ஆபீஸ்ல என் வேலையே இதுதான். தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது. இது எங்க வீட்டு அரிசி. இதுலயும் ஆயில்யம் தெரியுது பாருங்க."

அந்த அம்மா திரையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முடிவு செய்தமாதிரித் தெரியவில்லை. பயம் அறிவியலுக்கு அவ்வளவு சீக்கிரம் வழிவிடுவதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அப்போதுதான் எங்கள் ஆள் முன்னால் வந்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"டிரம்முக்குள்ள நட்சத்திரம் தெரியறதுக்கு மூணு காரணம்மா. ஒண்ணு, அந்தக் கதிர் எவர்சில்வரை ஊடுருவும். ரெண்டு, பகல்ல நட்சத்திரம் எங்கயும் போயிடறதில்லை, அங்கயேதான் இருக்கு." மூன்றாவது விரல் நிமிர்ந்தது. வெறுமை வந்தது. போயிற்று. "மூணு, டிரம்மு ஈசான்ய மூலையில இருக்கு பாருங்க."

அந்த அம்மா அவரை முதல் தடவையாக ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப என் நட்சத்திரமும் இதுக்குள்ள இருக்குங்களா? பூரட்டாதி."

"இதோ," என்று அவர் உடனே திரையில் விரலை வைத்தார். "மேல, இடது பக்கம். நீலமா இருக்கு பாருங்க. சாந்தமான நட்சத்திரம்."

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பையன் பதறிப் பக்கத்தில் போனான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீச்சர் பக்கம் திரும்பி, "காலண்டரைக் கொண்டாங்க. மார்கழிக்கு முன்னாடி நிச்சயத்தை முடிச்சுடலாம்" என்றார். உமா அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தை மாதம் சேலையூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. செக்ரட்டரி முன்வரிசையில், கழுத்தில் நீல நாடாவோடு, அதே கேமராவோடு இருந்தார். தாலி கட்டும்போது வீடியோக்காரரின் வெளிச்சத்துக்குக் குறுக்கே போய் நின்று பிளாஷ் அடித்தார். இந்தச் சம்பந்தம் தன்னால்தான் கூடியது என்று பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் உண்மை இருந்ததுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம், மறைமலைநகர் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போகும்வரை, எங்களுக்குத் தண்ணீர் விட்டார், காரணங்கள் சொன்னார்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் டீச்சர் தனியாகக் கிடைத்தார். என் ஆற்றாமையை எல்லாம் கொட்டினேன். இந்த மாதிரி ஒரு ஆளை நம்பி, படித்தவர்கள் எட்டுக் குடும்பம், அதிலும் கணக்கு டீச்சர் நீங்கள், எப்படித்தான் அந்தப் புள்ளிகளை நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டீர்களோ என்று கேட்டேன். டீச்சர் குழாயை மூடிவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவர் சொன்னதை யாரு சார் நம்புனா? நீங்க கீழ அழகாத் தமிழ்ல எழுதியிருந்தீங்க. அதனால ஏதோ இருக்கும்னு நெனச்சுட்டோம்."